பதினேழாம் நம்பர் முத்திரை

"ஒரு மணிக்குள்ள உங்க கையெழுத்து வேணும், இன்ஸ்பெக்டர். ரெண்டே காலுக்கு எடின்பரோ ரயில். அந்தப் பொண்ணு அதுல போயாகணும்."

சொன்னவர் கமாண்டர் தோர்ன். கப்பல்களுக்குப் போகும் பீரங்கிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற வாரியத்தின் ஆள். எங்கள் ஆர்ட்வென்னக் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த ஒரே நல்ல நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். எழுந்ததும் கோட்டின் பின்பக்கத்தையும் தட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் மர்டோ கில்கிறிஸ்ட் வாயிலிருந்த பெப்பர்மிண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். "படிச்சுட்டுப் போடலாமா, படிக்காமலே போடணுமா?"

"படிக்கிறதுக்கு என்ன இருக்கு? பீரங்கியில இருக்கிறது அவ முத்திரை. அவ அப்பன் இத்தாலிக்காரன்."

"அது ரெண்டும் ஒரே குத்தமா, தனித்தனியா?"

தோர்ன் சிரிக்கவில்லை. கனமான பச்சை அட்டைப் பதிவேடு ஒன்றை மேஜைமேல் வைத்தார். "ஹைட்ரோ ஹோட்டல்ல இருப்பேன். இன்னைக்குச் சால்மன் மீனாம். சூடு ஆறறதுக்குள்ள வந்துட்டா நல்லது."

ஒன்பது பேர் செத்த வழக்கில் இந்த மனுஷனுக்கு மீன் ஆறிவிடுமே என்ற கவலை.

நான் சார்ஜெண்ட் டானக். ஆறு வருஷமாகக் கில்கிறிஸ்டோடு கிளாஸ்கோவில் வேலை. ஆனால் வீடு இங்கேதான், ஷோர் தெருவில். அதனால் இந்த வழக்கைப் பற்றி ஊர் பேசியதெல்லாம் எனக்கு அத்துப்படி. பேசியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எப்படியும் தெரியத்தான் போகிறது.

விஷயம் இதுதான். போருக்கு முன்னால் பிஸ்கட் டின் செய்துகொண்டிருந்த எங்கள் ஊர்த் தொழிற்சாலை இப்போது விமான எதிர்ப்புப் பீரங்கி செய்கிறது. போர் ஆரம்பித்தபோது நம் சின்னக் கப்பல்களில் இருந்தது போன யுத்தத்துத் துருப்பிடித்த சரக்கு. தலைக்கு நேர்மேலிருந்து பாயும் விமானத்தை அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்புறம் வந்ததுதான் இந்த இருபது மில்லிமீட்டர் பீரங்கி. ஒரே ஆள் தோளைக் கொடுத்துத் திருப்பலாம். ஒரு டிரம்மில் அறுபது குண்டு. ஒழுங்காக வேலை செய்தால் அத்தனையும் பத்து விநாடிக்குள் காலி.

ஒழுங்காக வேலை செய்தால். பிப்ரவரி மூன்றாம் தேதி வடகடலில் 'ஃபெர்ன்லீ' என்ற காவல் கப்பல்மேல் ஒரு ஜெர்மன் விமானம் தாழ்ந்து வந்தது. பீரங்கி மூன்று குண்டு சுட்டது, அப்படியே இறுகி நின்றுவிட்டது. விமானக்காரன் அவசரமே இல்லாமல் இரண்டாம் முறையும் திரும்பி வந்தான். ஒன்பது பேர் போய்விட்டார்கள். கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஸ்பிரிங் துண்டு துண்டாக இருந்தது. மேலே, இரும்பில் அடித்த 17 என்ற எண்.

அந்த எண் சோதனைக்காரி எஃபி பெர்டோல்டியுடையது. கட்டி முடித்த ஒவ்வொரு பீரங்கியையும் கடலோரச் சுடுதளத்தில் அறுபது குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். சுடுவது எஃபி. பக்கத்தில் நின்று பார்ப்பது வாரியத்து ஆள், அதாவது தோர்ன். சரியாக இருந்தால் அவள் 17 என்று அடிப்பாள், அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். தோர்ன் சொன்ன கதை இது: எல்லாப் பீரங்கியும் தன் கண்ணெதிரே ஒழுங்காகச் சுட்டது, அதற்குப் பிறகு எஃபி நல்ல ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் கெட்டதை வைத்துவிட்டாள். தேசத் துரோகம். அதற்கு இந்த நாட்டில் ஒரே தண்டனைதான், கயிறு.

அதே சமயத்தில் முத்திரை வாங்கிய எட்டுப் பீரங்கிகளோடு 'எல்ஸ்பெத்' என்ற கப்பல் எங்கள் துறையில் நின்றது. மாலை நாலு மணிக்கு அது வடக்கே புறப்பட வேண்டும்.

"அந்த எட்டையும் சந்தேகப்பட வேண்டாமா சார்?" என்று கேட்டேன்.

"கமாண்டர்கிட்ட நானும் கேட்டேன். 'அதெல்லாம் நான் பாத்து வாங்கினது'ன்னாரு."

"ஃபெர்ன்லீயில இருந்ததும் அவர் பாத்து வாங்கினதுதானே?"

"அதையும் கேட்டேன். அதுக்குத்தான் மீன் ஆறிடும்னு கிளம்பிட்டாரு."

லாக்கப்பில் எஃபி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது. அடர்த்தியான கருப்பு முடி, கையில் கிரீஸ் கறை. மூன்று நாளாகச் சோப்புக்கூடக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. தட்டில் வைத்த ரொட்டி வைத்தபடி இருந்தது.

அவள் அப்பா குயிடோ பெர்டோல்டி எங்கள் தெருவில் நாற்பது வருஷம் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தவர். இத்தாலி ஜெர்மனி பக்கம் போரில் குதித்த மறுநாள், எதிரி நாட்டுக்காரர் என்று நம் ஆட்களே அவரை ஏப்ரனோடு பிடித்துக்கொண்டு போனார்கள். கைதிகளை ஏற்றிப் போன கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"பழி வாங்கறதுக்காகப் பண்ணினேங்கிறாங்க," என்றாள் எஃபி. "எங்க அப்பாவைக் கொன்னது ஜெர்மன்காரன். ஜெர்மன்காரன் விமானத்தைச் சுடற பீரங்கியைக் கெடுத்து நான் யாரைப் பழி வாங்கறது? கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

கில்கிறிஸ்ட் முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். "கடைசியா எப்போம்மா சுட்டுப் பாத்தே?"

"டிசம்பர் ஆறு, சனிக்கிழமை. திங்கக்கிழமை கமாண்டர் வந்தாரு. இனிமே வாரியத்து ஆளுங்களே வேற இடத்துல சோதிப்பாங்க, நீ தொழிற்சாலைக்குள்ள போய்ப் பாகங்களைப் பூட்டுற வேலையைப் பாருன்னாரு. முத்திரையைக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"எழுதி வாங்கினியா?"

"கமாண்டர்கிட்டயா?"

"கூட யாராவது இருந்தாங்களா?"

"குண்டு டிரம் மாட்டற ஆர்ச்சி பிர்ரி இருந்தான். அந்த வாரமே கடற்படையில சேந்துட்டான்." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஃபெர்ன்லீயிலதான் இருந்தான். பீரங்கிக்குப் பின்னாடி நின்னவனே அவன்தான். தப்பிச்சு வந்தவங்க சொன்னாங்களாம், '17ன்னு போட்டிருக்கு, இது எங்க எஃபி சுட்டுப் பாத்தது, இது நிக்காது'ன்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சிருக்கான். முத்திரை கை மாறுறதுக்கு முன்னாடி வந்த பீரங்கின்னு நினைச்சிருப்பான். அவன் அம்மாதான் என் ஜன்னல்ல முதல் கல்லை எறிஞ்சது. நான் அவங்களைத் தப்புச் சொல்ல மாட்டேன்."

"ஸ்பிரிங் எப்படி உடைஞ்சிருக்கும்?"

"டிசம்பர்ல புது ஸ்பிரிங் வந்துச்சு. பழசு வடகடல் குளிர்ல மந்தமாகுதுன்னு வேற எஃகுல செஞ்சாங்க. புதுசுன்னா சுட்டுப் பாத்தாத்தானே தெரியும்? நான் சுட்டிருந்தா முதல் டிரம்லயே சொல்லியிருப்பேன்."

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "நல்லாத்தான் பேசறா சார். ஆனா சாட்சி செத்துப் போயிட்டான், எழுத்தும் இல்ல. கூட வேலை பாத்தவங்க யாரும் இப்ப இவளுக்காக வாய் திறக்க மாட்டாங்க. கமாண்டர் வாக்குக்கு எதிரா ஐஸ்கிரீம்காரர் மக வாக்கு எடுபடுமா?"

"எடுபடாது," என்றார் கில்கிறிஸ்ட். "அதனால கமாண்டர் வாக்கையே கமாண்டருக்கு எதிரா நிறுத்திப் பாக்கலாம். பதிவேட்டை எடு. சத்தமாப் படி."

பச்சை அட்டையைத் திறந்தேன். டிசம்பர் எட்டிலிருந்து ஜனவரி பத்து வரை. நாளுக்கு நாலு வீதம் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பீரங்கி. ஒவ்வொன்றுக்கும் எண், அறுபது குண்டு, 'குறையில்லை', கீழே தோர்னின் அழகான கையெழுத்து. அடித்தல் இல்லை, மழைத்துளி பட்ட கறை இல்லை, கிரீஸ் விரல் இல்லை.

"சுடுதளத்துல வச்சு எழுதின புத்தகம் மாதிரியா இருக்கு? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு," என்றேன்.

"அது போதாது. படி."

"டிசம்பர் இருபத்திநாலு, நாலு பீரங்கி, குறையில்லை. இருபத்தஞ்சு வியாழன், விடுமுறை. இருபத்தாறு வெள்ளி, விடுமுறை. இருபத்தேழு..."

"நிறுத்து. போன கிறிஸ்துமஸ் அன்னைக்கு நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"உங்ககூடத்தான் சார். காணாமப் போன நிலக்கரி வண்டியை நாள் முழுக்கத் தேடினோம். வேலை நாள்தானே."

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். எங்கள் ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸுக்கு யார் லீவு கொடுத்தார்கள்? சங்கு ஊதுகிறது, தொழிற்சாலை நடக்கிறது, தபால்காரர் வருகிறார். கோயிலுக்குப் போகிறவர்கள்கூட வேலை முடிந்துதான் போவார்கள். அதெல்லாம் எல்லைக்குத் தெற்கே, இங்கிலாந்தில்.

"மேல படி," என்றார் கில்கிறிஸ்ட். அவர் குரலில் ஏதோ ஒரு திருப்தி.

"ஜனவரி ஒண்ணு வியாழன், நாலு பீரங்கி, தலா அறுபது குண்டு, குறையில்லை. ஜனவரி ரெண்டு வெள்ளி, நாலு பீரங்கி..." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், ஒண்ணாம் தேதியா? இந்த ஊர்லயா? அன்னைக்குப் பீரங்கி வெடிச்சிருந்தா ஊரே தலைவலியில எழுந்து உதைக்க வந்திருக்குமே."

போர் நடந்தாலும் சரி, உலகமே முடிந்தாலும் சரி, புத்தாண்டுக்கு எங்கள் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள். மந்திரி வானொலியில் கெஞ்சினாலும் வரமாட்டார்கள். தொழிற்சாலைக் கதவு இரண்டு நாள் பூட்டித்தான் கிடந்தது.

"லண்டன்ல இருந்து வந்து இந்தப் பதிவேட்டைப் பாத்த பெரியவங்க அத்தனை பேருக்கும் இது சரியாத்தான் தெரிஞ்சிருக்கு," என்றார் கில்கிறிஸ்ட். "அவங்க ஊர்க் காலண்டர்படி குறையில்லை. சரி, ஒண்ணாம் தேதி எஃபி எங்க இருந்தா? அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைச்சா முடிஞ்சுது."

நான் பதிவேட்டை மூடி வைத்தேன்.

புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் முதல் காலடி எடுத்து வைக்கிறவர் கருத்த முடிக்காரராக இருந்தால் வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் என்பது எங்கள் வழக்கம். கையில் ஒரு கரித்துண்டோடு வரவேண்டும். செம்பட்டை முடி நிறைந்த எங்கள் தெருவில் எஃபியைவிடக் கருத்த முடிக்கு எங்கே போவது? டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியே 'எங்க வீட்டுக்கு முதல்ல வா எஃபி' என்று ஆளுக்கு ஆள் சொல்லி வைத்தார்கள். ஒண்ணாம் தேதி பொழுது சாயும்வரை அவள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றேன். "எங்க வீட்டுக்கு வந்தா. கரி கொண்டு வந்தா. என் பெண்டாட்டி கேக் குடுத்தா. மத்தியானமும் அடுத்த வீட்டு வாசல்ல பாத்தேன்."

கில்கிறிஸ்ட் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. "அவ ஜன்னல் மூணு நாளா உடைஞ்சு கிடக்கு. தினம் அந்த வழியாத்தான் நீ ரயிலுக்கு வர்றே."

"தேதியை நான் இப்பதான் பாக்கறேன் சார்."

"தேதியைப் பாக்கல, சரி. அவளைப் பல வருஷமாப் பாத்திருக்கியே."

அதிர்ஷ்டத்துக்கு அவள் காலடி வேண்டும், கெட்டது நடந்தால் அவள் ஜன்னலில் கல். என் தெருவை நினைத்தால் அருவருப்பாக இருந்தது. அந்தத் தெருவில் என் வீடும் இருக்கிறது.

அருவருப்பை யார் தலையிலாவது கட்ட வேண்டும் போலிருந்தது. "எழுதினது இங்கிலீஷ்காரன் சார். தொழிற்சாலையில ஒரே இங்கிலீஷ்காரர் மேனேஜர் ஓக்டன். யார்க்‌ஷயர். பதிவேட்டை அவர் நிரப்பி நீட்டியிருப்பாரு, கமாண்டர் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாரு."

"நடக்கலாம். வா."

அப்போது மணி பதினொன்றே முக்கால். தொழிற்சாலைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

வில்ஃபிரட் ஓக்டன் குண்டான, பயந்த மனுஷன். கிறிஸ்துமஸ் என்ற வார்த்தையைக் காதில் வாங்கியதும் முகம் சிவந்தது.

"அதைக் கேக்காதீங்க. எங்க ஊர்ல வாத்து வறுத்து, பிள்ளைங்களோட உக்காந்து சாப்பிடற நாள். இங்க காலையில ஏழு மணிக்குச் சங்கு ஊதுறான். நானூறு பேரும் வந்து நிக்கறாங்க, மேனேஜர் எங்கேங்கறாங்க. ஓடி வந்தேன். பெண்டாட்டி ஒரு வாரம் பேசல. நீங்க வேணா இந்தப் பையன்களைக் கேளுங்க, நான் குளிர்ந்த வாத்தை ரொட்டிக்குள்ள வச்சுச் சாப்பிட்டதை இன்னும் நடிச்சுக் காட்டுவானுங்க."

"புத்தாண்டு அன்னைக்கு?"

"அன்னைக்கு நான் மட்டும் வந்தேன்," என்றார் பரிதாபமாக. "எட்டு மணிக்கு. கதவு பூட்டியிருக்கு. வாட்ச்மேன் என்னைப் பாத்துச் சிரிச்சான். உள்ள கூட்டிட்டுப் போய் விஸ்கி ஊத்தினான். சாயங்காலம் என்னை வீட்டுல கொண்டுபோய்ப் போட்டது யார்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

வெளியே வந்தோம். என் கேஸ் காற்றில் போயிருந்தது. இந்த மனுஷன் பொய்ப் பதிவேடு எழுதினால்கூடக் கிறிஸ்துமஸையும் புத்தாண்டையும் மாற்றிப் போடமாட்டார். உடம்பில் சூடு போட்ட மாதிரி அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

"அப்போ யார் சார்? இங்கிலீஷ்காரனா இருக்கணும். ஆனா அந்த ரெண்டு நாளும் இந்த ஊர்லயே இருந்திருக்கக் கூடாது."

"இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஓக்டனை விட்டா இங்கிலீஷ்காரன் யாரு..." என் கால் நின்றது. "கையெழுத்துப் போட்டவன் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டான்னு நான் நினைச்சேன். எழுதினவனும் அவனேதானா?"

"மீன் ஆறிடும், டானக்," என்றார் கில்கிறிஸ்ட்.

ஹைட்ரோ ஹோட்டல் சாப்பாட்டு அறையில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் மொத்தக் கழிமுகமும் தெரியும். துறையில் நிற்கும் எல்ஸ்பெத், அப்பால் சுடுதளத்தின் ஒற்றைக் கம்பம், அதில் காற்றுக்குப் படபடத்த சிவப்புக் கொடி. தோர்ன் முதுகைக் கண்ணாடிக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். மீன் பாதி முடிந்திருந்தது.

"போட்டாச்சா?"

"பேனா கையில இருக்கு சார்," என்றார் கில்கிறிஸ்ட், தொப்பியைக் கழற்றியபடி. இவ்வளவு பணிவான கில்கிறிஸ்டை நான் ஆறு வருஷத்தில் பார்த்ததில்லை. "கோர்ட்ல வக்கீல் குடைவான். அதுக்காக ஒரே ஒரு நாளை மட்டும் உறுதிப்படுத்திக்கலாம். ஏதோ ஒரு பக்கம்... இதோ, ஜனவரி ஒண்ணு. நீங்க நேர்லயே நின்னீங்க இல்லையா?"

"எல்லா நாளும் நேர்லதான் நின்னேன்."

"சுட்டது?"

"அவதான். முகத்தைத் தூக்கி வச்சிருந்தா. அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம்."

"நீங்க எப்படி வந்தீங்க?"

"எப்பவும் போல இங்கிருந்து எட்டு பத்து ரயில், ஒரே ஸ்டேஷன். ஸ்டேஷன்ல இருந்து தொழிற்சாலை லாரி."

"மத்தியானச் சாப்பாடு?"

"கேன்டீன் சூப். மோசமான சூப். இதெல்லாம் எதுக்கு வக்கீலுக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும். குழம்புக் கிண்ணத்தோடு பின்னால் நின்ற பரிமாறுகிற அம்மாள், மிஸஸ் மக்வரிஷ், மூக்கால் ஒரு சத்தம் விட்டாள்.

கில்கிறிஸ்ட் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஒண்ணாம் தேதி எட்டு பத்து ரயில் வந்துச்சா?"

"ஒண்ணாம் தேதி ரயிலா? ஓட்டறவன் எந்திரிச்சாத்தானே? அவன் என் தங்கச்சி வீட்டுக்காரன். மூணாம் தேதிதான் கண்ணையே திறந்தான்." கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். "இவரு எங்க இங்க இருந்தாரு? இருபத்திரெண்டாம் தேதி லண்டன் போனவரு, ஜனவரி அஞ்சுலதான் திரும்பி வந்தாரு. நாலாம் நம்பர் ரூம். மெத்தை உறை மாத்தறவ நான். எனக்குத் தெரியாதா?"

தோர்ன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். பேச வாயெடுத்தார். கில்கிறிஸ்ட் பதிவேட்டைத் திறந்து ஜனவரி ஒன்றையும் கிறிஸ்துமஸையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்.

"இந்த ஊர்ல கிறிஸ்துமஸ் வேலை நாள், கமாண்டர். புத்தாண்டுதான் லீவு. நாலாம் நம்பர் ரூம்ல உக்காந்து எழுதும்போது யாரையாவது கேட்டிருக்கலாம். நூத்திப் பன்னிரண்டு பீரங்கி. எத்தனையைச் சுட்டுப் பாத்தீங்க?"

தோர்ன் பதிவேட்டை மூடப் பார்த்தார்; கில்கிறிஸ்ட் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணுகூட இல்ல. சரக்கு ரயில்ல ஏத்தற கொட்டகையில வச்சு, லண்டன்ல இருந்த நாளுக்கும் சேத்து மொத்தமா 17ன்னு அடிச்சு அனுப்பியிருக்கீங்க. யார் எவ்வளவு குடுத்தாங்க?"

அப்போதுதான் தோர்னுக்கு ரோஷம் வந்தது. "என்னை லஞ்சம் வாங்கறவன்னு நினைச்சீங்களா? ஒரு பென்னி வாங்கினதில்லை."

"ஜெர்மன்காரனுக்காகவா?"

"என்னைத் துரோகிங்கிறீங்களா?"

"அப்போ எதுக்கு?"

அவர் முதல் தடவையாகத் திரும்பிக் கண்ணாடி வழியே சுடுதளத்தைப் பார்த்தார். "அந்த இடத்துல நீங்க நின்னிருக்கீங்களா? கூரை கிடையாது. கடல் காத்து எலும்புக்குள்ள போகுது. ராத்திரியெல்லாம் காது வலி. முதல் நூறு பீரங்கியும் நின்னு பாத்தேன், ஒண்ணுகூடத் தவறல. நூத்தி ஒண்ணாவது மட்டும் தவறிடப் போகுதான்னு..."

"நூத்தி ஒண்ணாவதுலதான் ஸ்பிரிங் மாறிச்சு," என்றார் கில்கிறிஸ்ட்.

"எனக்கு யாரும் சொல்லல."

"கடிதம் வந்திருக்கும்."

"தினம் பத்துக் கடிதம் வருது. எல்லாத்தையும் படிக்க முடியுமா?"

நான் வாழ்க்கையில் கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறேன். பொறாமைக்குக் கொன்றவன், பசிக்குக் கொன்றவன், குடிவெறியில் கொன்றவன். அவர்களோடு டீ குடித்திருக்கிறேன். ஒன்பது பேரைச் சாகவிட்டு, ஒரு பெண்ணைக் கயிற்றுக்கு அனுப்பப் பார்த்தவன், காது வலிக்குது என்கிறான். காசுக்குக்கூட இல்லை. ஒரு குல்லாய் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் தீர்ந்திருக்கும். அந்த மேஜைக்குப் பக்கத்தில் நிற்கவே எனக்குக் கூசியது.

"அந்தப் பொண்ணு மேல ஏன்யா போட்டே?" என்று நான் கேட்டேன். மரியாதையெல்லாம் போய்விட்டது.

"முத்திரை அவளோடது," என்றார் தோர்ன் மெதுவாக. "யாராவது ஒருத்தர் பேர் வேணும்னாங்க. அவ பேரைச் சொன்னா யாரும் மேல கேள்வி கேக்கல."

அதுதான் உண்மை. ஒருத்தரும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மிஸஸ் மக்வரிஷ் பாதி மீன் இருந்த தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

தோர்னின் கோட்டுப் பையைக் கில்கிறிஸ்ட் சோதித்தார். எஃகு முத்திரை கைக்குட்டையில் சுற்றியபடி இருந்தது. தோர்னை ஹோட்டல் வாசலிலேயே உள்ளூர்க் கான்ஸ்டபிளிடம் ஒப்படைத்தோம். கில்கிறிஸ்ட் ஹோட்டல் டெலிபோனைப் பிடித்து முதலில் துறைமுகத்தைக் கூப்பிட்டார், பிறகு கடற்படையை. நூற்றுப் பன்னிரண்டு பீரங்கிகளின் எண்ணையும் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்ட எனக்குத் தொண்டை வறண்டது. பாதிக் கப்பல்கள் ஏற்கெனவே கடலில் இருந்தன. அவர்களுக்குத் தந்தி போய்ச் சேரும் முன்னால் எத்தனை விமானம் வரும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டரை மணிக்கு எஃபி எல்ஸ்பெத் கப்பலின் மேல்தளத்தில் நின்றாள். லாக்கப்பிலிருந்து நேராகக் கூட்டி வந்தோம். வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வாம்மா என்று கில்கிறிஸ்ட் சொல்லிப் பார்த்தார். கப்பலில் இருக்கிறவர்கள் நாளைக்கு எங்கே இருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டாள்.

கில்கிறிஸ்ட் முத்திரையை அவளிடம் நீட்டினார். அதை அவள் வாங்கவில்லை. கப்பல் மெக்கானிக்கிடம் அரம் கேட்டாள்.

"அரம் எதுக்கு? முதல்ல சுட்டுப் பாக்கலாமே," என்றார் கேப்டன்.

"இதுல எல்லாம் என் நம்பர் இருக்கு சார். நான் போடாதது. அதை முதல்ல எடுக்கணும்."

எட்டுப் பீரங்கியிலும் 17ஐ அவளே அராவி எடுத்தாள். அரை மணி நேரம் ஆனது. காற்று அவள் முடியை முகத்தில் அடித்தது, அவள் ஒதுக்கிக்கொள்ளவில்லை. மாலுமிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு தோளைக் கொடுத்து, ஆளில்லாத கடல் பக்கம் திருப்பி, ஒவ்வொன்றாகச் சுட்டாள். நான் டிரம் மாட்டினேன். ஆர்ச்சியின் இடம் அது.

முதல் இரண்டும் அறுபதையும் சுட்டன. மூன்றாவது நாலு குண்டோடு இறுகி நின்றது. கேப்டன் தொப்பியைக் கழற்றினார். ஐந்தாவதும் நின்றது. எட்டாவது முதல் குண்டிலேயே நின்றது.

அப்புறம்தான் எஃபி முத்திரைக்குக் கை நீட்டினாள். ஐந்து பீரங்கியில் ஐந்து அடி. மீதி மூன்றைக் கழற்றிக் கரையில் இறக்கினார்கள். எல்ஸ்பெத் அன்று நாலு மணிக்குப் புறப்படவில்லை.

அவளை வீட்டில் விடும் வேலை எனக்கு. ஷோர் தெருவில் பள்ளி விட்ட நேரம். செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆர்ச்சியின் அம்மா எஃபியின் ஜன்னலுக்குக் கீழே முழங்காலிட்டுக் கண்ணாடிச் சில்லுகளை ஏப்ரனில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, பொறுக்குவதை நிறுத்தவுமில்லை. எஃபி அவள் பக்கத்தில் குனிந்து, விரலில் வழிந்த ரத்தத்தைத் தன் கைக்குட்டையால் கட்டிவிட்டாள்.

"போதும் அத்தே. உள்ள வாங்க, டீ போடறேன்."

நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். கடைசியில் உளறினேன்: "எஃபி, நாளைக்கு நானே வந்து ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுத் தர்றேன்."

"போடுங்க," என்றாள். ஆர்ச்சியின் அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே விட்டுவிட்டு, கதவில் கை வைத்தபடி திரும்பினாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"வர்ற புத்தாண்டுக்கு மட்டும் வேற கருத்த முடியாப் பாத்துக்குங்க, டானக் அண்ணே."